கடைசிப் பக்கத்து நாலு வரி

எங்கள் ஊரில் செத்துப்போனவர்களில் பாதிப் பேருக்குக் கவிதை எழுதியவர் பஞ்சாட்சரம். சுவரொட்டியில் கறுப்புக் கட்டம், நடுவில் இறந்தவர் படம், அதற்குக் கீழே நாலு வரி இருக்குமே, அதுதான். வீட்டுக்காரர்கள் ஓடி வந்து "ஏதாவது உருக்கமா போடு சார்" என்பார்கள். அழுதுகொண்டு நிற்பவர்களிடம் என்ன எழுதட்டும் என்று கேட்க முடியுமா? அவரே எழுதிவிடுவார். கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா, காதுகுத்துக்கு வெண்பா மாதிரி ஏதோ ஒன்று, கட்சிக்காரர் பிறந்தநாளுக்கு எதுகை மோனையோடு ஒரு முழக்கம், எல்லாம் அவர் கைவேலை. எதிலும் அவர் பெயர் இருக்காது. அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் மட்டும் வரும், அதுவும் வாடிக்கையாளர் தடுக்காவிட்டால்.

ஒரு தடவை வேலை நெருக்கடியில், ஏனாத்தூரில் ஒருவருக்குப் போட்ட நாலு வரியையே செவிலிமேட்டில் இறந்த இன்னொருவருக்கும் போட்டுவிட்டார். ஏனாத்தூர்க்காரர்கள் டவுன் பஸ்ஸில் போகும்போது பார்த்துவிட்டார்கள். இரண்டு குடும்பமும் அச்சகத்து வாசலில் வந்து நின்றது. "எங்க அப்பாவுக்குப் போட்ட பாட்டை இவங்க அப்பாவுக்கு எப்படிப் போடலாம்? அது எங்க பாட்டு" என்று ஒரு கட்சி. "நாங்களும் துட்டு குடுத்துதான் போட்டோம், இது எங்க பாட்டு" என்று மறு கட்சி. எழுதியவர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பின்னால் வரப்போவது தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

நான் ஷபியுல்லா. பூக்கடைச் சத்திரத்துக்குப் பின்பக்கச் சந்தில் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பஞ்சாட்சரத்தின் அச்சகம் அடுத்த கதவு. நடுவில் ஒரே சுவர், அதிலும் காகிதக் கட்டுகளைத் தள்ளிவிட ஒரு சதுர ஓட்டை. அவர் அச்சடித்ததை நான் மடித்து, தைத்து, பசை போட்டு, ஓரம் வெட்டிக் கொடுப்பேன். இத்தனை வருஷமாக அவர் எழுத்தை முதலில் தொடுகிறவன் நான்தான். படிப்பது கிடையாது, அது வேறு ஆள் வேலை.

அவருடைய அப்பா ஈய எழுத்துக் கோத்தவர். பஞ்சாட்சரமும் பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு எழுத்துக் கோக்க உட்கார்ந்துவிட்டார். ஈய எழுத்தில் அவர் கை தப்பாது. கண்ணை மூடிக்கொண்டே ழகரம் கிடக்கும் அறையில் விரலை வைப்பார். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. தமிழ் டைப்ரைட்டிங் படித்த பையன்களெல்லாம் ஆளுக்கொரு டிடிபி கடை போட்டு முன்னால் போய்விட்டார்கள். இவருக்கு விரல் பழகவே இல்லை. அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் தீபிகாதான், "அப்பா, நீ இங்கிலீஷ் எழுத்துல அடி, அதுவே தமிழா மாறிடும்" என்று ஏதோ ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாள். அவருக்கும் அது பிடித்துப்போனது. ஒரே ஒரு தொல்லைதான். ல, ள, ழ மூன்றுக்கும் வேறு வேறு சாவி. அவசரத்தில் அடித்தால் எல்லாம் லகரமாகிவிடும். பழனி பலனியாவார், வாழ்த்து வால்த்தாகும். பிழை என்ற சொல்லையே முதல் தடவை பிலை என்றுதான் அடிப்பார். திருத்தித் திருத்தியே கண்ணாடி தடித்துக்கொண்டு போனது.

செவிலிமேட்டில் பாலாற்றுப் பக்கமாக ஒரு எல்லையம்மன் கோயில் இருக்கிறது. பஞ்சாட்சரம் வீடும் அந்தத் தெருவில்தான். ஆடி வெள்ளிகளில் பெண்கள் கூடி அங்கே 'எல்லையம்மன் ஊஞ்சல்' பாடுவார்கள். பழைய பாட்டு. எழுதியது யார் என்று யாரும் கேட்டதில்லை, மெட்டுப் போட்டது யார் என்றும் கேட்டதில்லை. பூசாரியிடம் இருந்த புத்தகம் எடுத்தாலே உதிர்கிற நிலைமைக்கு வந்துவிட்டதால், தீபிகா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஓர் ஆடி மாதம், புதிதாக அச்சடிக்கச் சொல்லிப் பஞ்சாட்சரத்திடம் கொடுத்தார்கள். அதில் கடைசித் தாள் எப்போதோ கிழிந்துபோயிருந்தது, அதில் என்ன இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஊஞ்சல் பாதி ஆட்டத்தில் நின்றது.

சின்னப் புத்தகம் என்றால் பதினாறு பக்கம் ஒரு மடிப்பு. பாட்டு பதினைந்தாம் பக்கத்தோடு தீர்ந்துவிட்டது. கடைசிப் பக்கம் மொட்டை. வழக்கமாக அந்த இடத்தில் ஏதாவது பட்டுக்கடை விளம்பரம் வரும். சாமி புத்தகத்தில் விளம்பரம் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டார்.

"மொட்டையா வுட்டா நல்லாருக்காது பாய். பாட்டு அறுந்துபோன மாதிரி தெரியும்" என்றார் பஞ்சாட்சரம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் பசையைக் கரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் நெற்றியைத் தேய்த்தார், தொடையில் தாளம் போட்டார், ஊஞ்சல் மெட்டிலேயே எதையோ முணுமுணுத்தார். பிறகு சுவர் ஓட்டை வழியாக எனக்குச் சொல்லிக் காட்டினார்.

கூடிநின்ற சனத்துக்கெல்லாம் பின்னே நிற்கிறேன்
கூப்பிட்டால் கேட்குமோ என்று தயங்கி நிற்கிறேன்
வாடிவந்த மகளுக்கு வழி விடம்மா – உன்
வாசல்வரை வந்துவிட்டேன் ஆடம்மா ஊஞ்சல்

நான் பாட்டு அறிந்தவன் இல்லை. சாமியும் வேறு. ஆனாலும் கேட்டபோது மனசுக்குள் என்னவோ செய்தது. கூட்டத்தில் எப்போதும் கடைசியில் நிற்கிற ஆளின் பேச்சு அது. "யாருப்பா அது பின்னால நிக்கிறது?" என்று கேட்டேன். "யாரோ" என்றார். அடித்தார், அச்சேற்றினார், ஓட்டை வழியாகத் தள்ளினார், நான் தைத்தேன். யாரும் திரும்பப் படிக்கவில்லை. பக்கம் நிறைந்ததே போதும் என்றிருந்தது.

மறுநாள் கோயிலில் பெண்கள் புத்தகத்தைப் பிரித்து வைத்துப் பாடினார்கள். கடைசிப் பக்கம் வந்தது. கிழிந்துபோன முடிவைப் பஞ்சாட்சரம் எங்கோ தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறார் என்றே நினைத்தார்கள். "வாடிவந்த மகளுக்கு வலி விடம்மா" என்று பாடினார்கள்.

வழி, வலியாகிவிட்டது.

பஞ்சாட்சரம் கோயிலிலிருந்து நேராக என் கடைக்கு வந்து, புத்தகத்தைப் பிரித்துக் காட்டிவிட்டு மேசைமேல் கையூன்றிக்கொண்டு நின்றார். எங்கள் பக்கம் குர்ஆன் ஓதுவதில் ஓர் எழுத்து பிசகினால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துவார்கள். அந்தப் பழக்கத்தில் சொன்னேன். "இன்னாத்துக்கு இடிஞ்சு போற? சின்னச் சீட்டு அடி. ஒவ்வொரு புக்லயும் ஒட்டிக் குடுத்துடறேன்." சீட்டும் அடித்தார். ஒட்டத்தான் முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையே அந்தத் தெருவில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி கண்டு, ஆஸ்பத்திரியில் கஷ்டம் என்று சொல்லிவிட்டார்களாம். பெண்கள் புத்தகத்தோடு போய் வராந்தாவில் உட்கார்ந்து அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். கத்தி படாமல் குழந்தை பிறந்தது. போதாதா? அடுத்த வாரமே அது பிரசவத்துக்குப் பாடுகிற வரியாகிவிட்டது. அதற்கடுத்து ஆபரேஷனுக்கு, பல்வலிக்கு, புருஷன் அடித்த வலிக்கு. இலக்கணம் பார்த்தால் 'வலி விடச் செய்' என்று வந்திருக்க வேண்டும். கோயிலில் யார் இலக்கணம் பார்த்தார்கள்? வலி விட்டால் சரி. இரண்டாம் பதிப்புக்குக் கொடுக்கும்போது பூசாரி சொல்லியே அனுப்பினார், "கடைசிப் பக்கத்துல ஒரு எழுத்து மாறக்கூடாது பஞ்சாட்சரம்."

இதை ஒரு வேடிக்கைக் கதையாகவே வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கிழவர்களாகியிருப்போம். ஆனால் லோகாம்பாளுக்கு உடம்புக்கு வந்துவிட்டது.

லோகாம்பாள் பஞ்சாட்சரத்தின் மனைவி. அந்த ஊஞ்சல் குழுவுக்கு முன்பாட்டுக்காரி அவள்தான். நல்ல கணீர் குரல். கோபம் வந்தால் அதே குரலில் தெருவையே நிறுத்துவாள். மூட்டுகளெல்லாம் வீங்குகிற அந்த வியாதி அவளுக்கு வந்தது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது, காபி டம்ளரைப் பிடிக்க முடியாது. சென்னை வரை போய் மருந்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் காலையில் அவள் செய்கிற வைத்தியம் வேறு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த வரியைப் பாடுவாள். ஒரு தடவை பாடி ஒரு விரலை மடக்குவாள். மறுபடி பாடி அடுத்த விரல்.

"மாத்திரை கேக்குதோ இல்லியோ, அம்மா வாக்கு கேக்குது அண்ணா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

பஞ்சாட்சரம் என்னிடம் சொன்னது வேறு. "அவ ஒவ்வொரு விரலா மடக்கும்போது என் தப்பைத்தான் பாடறா பாய். நான் காபியக் கையில வெச்சிக்கினு பக்கத்துல நிக்கறேன். ஒரு நாளாவது சொல்லிடலாம்னு வாயத் தொறப்பேன். அப்பதான் அந்தச் சுண்டுவிரல் மடங்கும்."

தினம் காலையில் அவர் வீட்டில் நடந்தது இதுதான். வெளியே பார்த்தால் அன்பான புருஷன், மனைவிக்குக் காபி ஆற்றிக் கொடுக்கிறான். உள்ளே அந்த மனுஷன் கூண்டுக்குள் நிற்கிறான்.

தீபிகாவுக்குக் கல்யாணமாகி அதே செவிலிமேட்டில்தான் இருக்கிறாள். அம்மாவின் குழு பாடுவதைச் செல்போனில் எடுத்து யூடியூபில் போட ஆரம்பித்தாள். லோகாம்பாளுக்கு அது புது உயிர் கொடுத்தது. கை விளங்காவிட்டால் என்ன, குரல் எங்கெங்கோ போகிறது. யாரோ மலேசியாவில் இருந்து, யாரோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து, 'அம்மா, இன்னைக்கு உங்க பாட்டு கேட்டுத்தான் தூங்கினேன்' என்று எழுதுவார்கள். தீபிகா படித்துக் காட்டுவாள். இவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

போன வருஷம் சென்னையில் ஒரு பக்திப்பாடல் கம்பெனி அதே ஊஞ்சலைப் பெரிய பாடகி ஒருத்தியை வைத்துப் பாடி வெளியிட்டது. டீக்கடையெல்லாம் அதுதான். கடைசி நாலு வரியைத்தான் அவர்கள் பல்லவி மாதிரி திரும்பத் திரும்பப் போட்டிருந்தார்கள். கீழே பாடலாசிரியர் என்று யாரோ ஒரு கவிஞர் பெயர். கொஞ்ச நாளில் தீபிகாவின் செல்போனுக்கு நோட்டீஸ் வந்தது. இந்தப் பாட்டு அந்தக் கம்பெனியின் காப்பிரைட்டாம், லோகாம்பாள் குழு அனுமதியில்லாமல் பாடுகிறதாம். வீடியோக்கள் ஒவ்வொன்றாக முடங்கின.

லோகாம்பாள் அச்சகத்துக்கே வந்துவிட்டாள். "எங்க கோயில்ல எங்க அம்மாவுக்கு நாங்க பாடறோம், எவனோ வந்து எங்கள்துன்றான். நீங்கதானே அச்சடிச்சீங்க? பழைய புக்ல இருந்துதுன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. தீபிகா அனுப்பட்டும்" என்றாள் புருஷனிடம்.

அவர் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதறேன்" என்றார். எழுதவில்லை. எப்படி எழுதுவார்? பழைய புத்தகத்தில்தான் அது இல்லையே.

அவர் எழுதாமல் இழுத்தடித்ததால் தீபிகாவே 'இது மரபுப் பாடல், யாருக்கும் சொந்தமில்லை' என்று மறுப்பு அனுப்பினாள். கம்பெனி சும்மா இருக்குமா? எங்கோ ஒரு நூலகத்தில் போய் முழுப் பழம் புத்தகத்தையும் தேடி எடுத்துவிட்டார்கள். ஊஞ்சல் பழைய பாட்டுதான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் கடைசி நாலு வரி அதில் கிடையாது, அங்கே வேறு முடிவு இருக்கிறது, ஆகவே அந்த நாலு வரி எங்கள் கவிஞருடையது என்று பதில் வந்தது.

பஞ்சாட்சரம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கோபப்பட்டுப் பார்த்தேன். "எவனோ எழுதினானாமே பாய். என் எழுத்துப்பிழையோட சேத்து எழுதினானாம்" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ஊர்ல எல்லார் பேரையும் நான் அச்சடிச்சேன். ஒரே ஒரு தடவை அடியில என் பேரு வந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"போய்ச் சொல்லுப்பா, நான்தான் எழுதினேன்னு."

"சொல்லி? அவகிட்ட இன்னான்னு சொல்றது? அம்மா வாக்கு இல்லடி, பக்கம் நெரப்ப நான் போட்டது, அதுலயும் எழுத்துப்பிழைன்னா? நாளைக்குக் காலையில அவ எதைப் பாடி விரலை மடக்குவா?"

அவர் பேசாமல் இருந்தால் அவளுடைய பாட்டைக் கம்பெனி தின்றுவிடும். பேசினால் அவளுடைய பாட்டை இவரே தின்றுவிடுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்குத்தான் அடி. அந்த நாட்களில் அவர் வேலையில் தலையைக் கவிழ்த்தே இருந்தார். வீட்டுக்குப் போகப் பயந்து, முடிந்த வேலையையே மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

கம்பெனியில் இருந்து வசந்த் என்று ஒரு பையன் வந்தான். மரியாதையான பையன், அதுதான் இன்னும் கஷ்டம். கெட்டவனாக வந்திருந்தால் விரட்டியிருக்கலாம். நானும் அப்போது அச்சகத்தில்தான் இருந்தேன். பஞ்சாட்சரம் அடித்த பழைய ஊஞ்சல் புத்தகம் ஒன்று அவன் பையில் இருந்தது.

"சார், ஓப்பனா சொல்லிடறேன். அது எங்க கவிஞர் எழுதினது இல்லைன்னு எங்களுக்கே தெரியும். அவர் எங்கேயோ கேட்டு எடுத்திருக்கார். எங்க லாயர் தேடினதுல அந்த நாலு வரி முதல்ல வந்தது உங்க புக்லதான். நீங்க எழுதினதாத்தான் இருக்கணும். எழுதினேன், உரிமையைக் கம்பெனிக்குக் கொடுத்துட்டேன்னு ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா எல்லாம் க்ளியர். அம்மா குழுவுக்கு நாங்களே பர்மிஷன் கொடுத்துடுவோம். உங்க பேரு எல்லா இடத்துலயும் வரும் சார்."

காகிதத்தை நீட்டினான். அதில் அச்சாகியிருந்தது: பாடலாசிரியர், பஞ்சாட்சரம்.

தன் பெயரைத் தானே அடிக்காமல் வேறொருவர் அடித்துக் கொண்டுவந்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். உலகத்தில் அவர்தான் எழுதினார் என்று நம்புகிற ஒரே கூட்டம், அதைத் திருடின கூட்டம். கையெழுத்துப் போட்டால் பெயர் கிடைக்கும், பாட்டு போய்விடும். சொந்தக் கோயிலில் பாடவே லோகாம்பாள் அவர்கள் தயவில் நிற்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் தீபிகாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து லோகாம்பாள் வந்து இறங்கினாள். கம்பெனி ஆள் வந்திருக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வந்து காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். விரல்கள் சரியாகப் பிடிக்கவில்லை, இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திக்கொண்டு படித்தாள்.

"தம்பி" என்றாள் வசந்திடம், ஆச்சரியமாகத் தணிந்த குரலில். "என் வூட்டுக்காரர் கல்யாணப் பத்திரிகை அடிக்கறவரு. நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாது. இது அம்மா வாக்கு. இவர் எழுதினாருன்னு அச்சடிச்சுக்கினு வந்து கையெழுத்து கேக்கறியே, உனக்கே நல்லாருக்குதா?"

"அம்மா, சாரே எழுதலைன்னு சொல்லட்டும். நான் போயிடறேன்."

"சொல்லுங்க" என்றாள் புருஷனைப் பார்த்து. சுவரில் எல்லையம்மன் படம் மாட்டியிருந்தது, சிவப்பு விளக்கோடு. "அம்மா படத்து மேல கை வெச்சு, நான் எழுதலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இவங்க வாய் அடங்கட்டும்."

பஞ்சாட்சரம் எழுந்தார். சாமி விஷயத்தில் அவர் பயந்தவர், சத்தியம் என்றால் பொய் வராது. உண்மையும் வராது, எதிரில் அவள் நின்றுகொண்டிருந்தாள். படத்துக்கு முன்னால் கை பாதி தூக்கியபடி நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வேறென்ன செய்ய முடியும்? தீபிகா, "அப்பா, இன்னா யோசிக்கற?" என்றாள்.

அவர் வசந்த் பக்கம் திரும்பினார். "எந்த வரியப்பா கேக்கற? படி."

வசந்த் புத்தகத்தைப் பிரித்து எழுத்தெழுத்தாகப் படித்தான். "வாடிவந்த மகளுக்கு வலி விடம்மா."

"வலி விடம்மா" என்று அவரும் ஒரு தடவை சொன்னார். கையைப் படத்தின் மேல் வைத்தார். "அம்மா மேல ஆணையா, வலி விடம்மான்னு நான் எழுதலை."

வழி விடம்மா என்றுதான் எழுதினார். எனக்குத் தெரியும். சத்தியம் சுத்தமான சத்தியம்.

"அப்ப யார் சார் எழுதினது? உங்க புக்ல எப்படி வந்துச்சு?"

"அதுவா வந்துச்சு" என்றார் பஞ்சாட்சரம். அதுவும் நிஜம்தான்.

மற்ற மூன்று வரிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவையும் அதோடு போயின.

வசந்த் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். எழுதியவரே இல்லாத பாட்டைக் கம்பெனி யாரிடமிருந்து வாங்கும்? அவர்கள் கவிஞர் பேனாவைத் தொடுவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அச்சான வரி என்பது வேறு அவர்கள் கையிலேயே இருந்தது. கொஞ்ச நாளில் நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வீடியோக்கள் மறுபடி ஓடின. கவிஞர் பெயர் இருந்த இடத்தில் 'மரபு' என்று ஒரு சொல் வந்தது. லோகாம்பாள் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். எனக்கும் ஒரு டப்பா வந்தது. என்னால் சாப்பிட முடியவில்லை.

பஞ்சாட்சரம் வழக்கம்போலக் கடைக்கு வந்தார், போனார். ஒரு நாள் கேட்டேன், "இன்னாப்பா, பாரம் எறங்கிச்சா?" என்று. "எறங்கறதா? முன்னாடியாவது என்னைக்காவது சொல்லலாம்னு இருந்துது பாய். இப்ப அம்மா மேல கை வெச்சுட்டேன். இனிமே சொன்னா அவளுக்கு நான் பொய்ச் சத்தியம் பண்ணவன்" என்றார். இருந்த ஒரே சன்னலையும் அவர் தன் கையாலேயே சாத்திவிட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்த வருஷம் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். ஊஞ்சல் குழுப் பெண்கள் சேர்ந்து அந்த நாலு வரியைக் கருங்கல்லில் வெட்டி வாசல் சுவரில் பதிப்பது என்று முடிவு செய்துவிட்டார்கள். கல் வெட்டுகிறவருக்கு எழுத்தைப் பெரிய அளவில் அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். வேறு யார் கொடுப்பது?

நேற்று மத்தியானம் லோகாம்பாள் அச்சகத்துக்கு வந்து அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவர் அடித்தார். இத்தனை வருஷத்தில் விரல் ஒருவழியாகப் பழகிவிட்டது, ழகரம் இப்போதெல்லாம் தப்புவதில்லை. மூன்றாவது வரி திரையில் வந்தது: வாடிவந்த மகளுக்கு வழி விடம்மா.

"இன்னாங்க இது" என்றாள் லோகாம்பாள். "தப்பா அடிச்சிட்டீங்க. வலி. கல்லுல வெட்டறது, பாத்து அடிங்க."

அவர் ஓர் எழுத்தை அழித்தார். திருத்தினார்.

"அடியில ஒரு வரி போடணுமாம், தீபிகா சொன்னா. இல்லாட்டி நாளைக்கு இன்னொருத்தன் வந்து என்னுதுன்னுவான்."

அவர் அடித்தார்: இயற்றியவர் பெயர் தெரியவில்லை. அதில் ழகரம் எங்கும் வரவில்லை, தப்புவதற்கு இடமே இல்லை. இருந்தும் ஓட்டை வழியாக என்னைக் கூப்பிட்டார். "பாய், ஒரு தடவை பாருப்பா. பிழை ஏதாவது இருக்குதா?"

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தேன். "ஒண்ணும் இல்லப்பா, எல்லாம் சரியா இருக்குது" என்றேன்.

லோகாம்பாள் வீங்கின விரலால் திரையில் அந்தக் கடைசி வரியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மாதான் யார் வாயிலயோ குடுத்திருக்கா" என்றாள். "அது யாரோ, பாவம். எவ்ளோ வலி பட்டிருந்தா இப்படி ஒரு வரி வந்திருக்கும்."

"பட்டிருக்கும்" என்றார் பஞ்சாட்சரம், அச்சுப் பொத்தானை அழுத்திக்கொண்டே.